வண்டி கவிழும்போது பிள்ளையைக் காப்பது எது?

ரோட்டோரத்தில் ஒரு கார் தலைகுப்புறக் கிடந்தால், சுற்றி நிற்கிற கூட்டத்தில் இரண்டு பேச்சு கட்டாயம் காதில் விழும். ஒன்று, “பிள்ளை வெளிய தெறிச்சு விழுந்ததாலதான் தப்பிச்சுது, ஆயுசு கெட்டி.” இன்னொன்று, “நல்லவேளை பெல்ட் போடல, போட்டிருந்தா உள்ளயே மாட்டியிருப்பாவ.” பாளையங்கோட்டை டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கலாம். சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்த ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவு தப்பு. அதை நம்புகிற குடும்பம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கிளம்பும்போது, அம்மா மடியில் கைப்பிள்ளையோடு முன்சீட்டில் உட்கார்ந்துதான் போகும்.

அதனால் வண்டி எப்படிக் கவிழ்கிறது, அந்தச் சில நொடிகளில் உள்ளே இருக்கிற சின்ன உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை அடியிலிருந்து பார்த்துவிடலாம். பெரிய இயற்பியல் எதுவும் வேண்டாம், வாழைத்தார் லோடு ஏற்றுவதைப் பார்த்திருந்தால் போதும்.

வாழைத்தார் லோடு

களக்காட்டுப் பக்கம் தார் ஏற்றுகிற ஆட்களைக் கவனித்திருப்பீர்கள். சருகை விரித்து, தாரை நெருக்கமாக அடுக்கி, இடுக்கில் மறுபடி சருகைத் திணித்து, கடைசியில் கயிறு போட்டு இறுக்குவார்கள். லோடு உயரமாகப் போகப் போக வண்டி வளைவில் ஆடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கயிறு தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் போகும், தார் ஒரு பக்கம் போகும் என்பதும் தெரியும். கயிறு மட்டும் இறுக்கமாக இருந்து சருகு இல்லாவிட்டால் கயிறு பட்ட இடத்திலேயே காய் நசுங்கிவிடும் என்பதும் தெரியும். உயரம், கயிறு, சருகு. கார் கவிழும்போது பிள்ளைக்கு நடப்பதையும் இந்த மூன்றை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பெரிய வண்டி என்றால் பாதுகாப்பா?

முதலில் உயரம். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். அது தரைக்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி எளிதில் சாயாது, மேலே போனால் சாயும். இடது, வலது டயர்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, ஈர்ப்பு மையம் இருக்கிற உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். அதை நிலைத்தன்மை எண் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இந்தக் கணக்கை வைத்துத்தான் 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழும் வாய்ப்புக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. சாதாரண கார்களுக்குப் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவி, வேன், பிக்கப் மாதிரி உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் சின்னதாக ஆக ஆகக் கவிழ்வது சுலபம்.

“பெரிய வண்டி, ஒண்ணும் ஆகாது” என்று சொல்கிறவர்கள் நேருக்கு நேர் மோதலை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே எடை உதவும். கவிழ்வதில் உயரம் எதிரி. அதிலும் ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர் ஏறி, மேலே கேரியரில் அண்டா, அரிசி மூட்டை, மடக்கு நாற்காலி எல்லாம் கட்டிக்கொண்டு பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது, அந்த நிலைத்தன்மை எண் எங்கேயோ இறங்கிப் போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில் வண்டியை முன்னாலும் பக்கவாட்டிலும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று தனியாக 49 மதிப்பெண்ணும் இருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் கவிழ்த்துப் பார்க்கிற சோதனை அதில் கிடையாது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி கவிழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வண்டி தடுக்கி விழுகிறது

வேகமாக ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி அப்படியே பல்டி அடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வெறும் ஒடிப்பினால் கவிழ்வது குறைவு. அமெரிக்கக் கணக்குப்படி, வேறு வண்டியோடு மோதாமல் தனியாகக் கவிழ்கிற வண்டிகளில் நூற்றுக்கு 95 தடுக்கித்தான் கவிழ்கின்றன. அதாவது வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது, டயர் எதிலோ மாட்டி நிற்கிறது, மேல்பாகம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

மாட்டுவதற்கு நம் பக்கத்தில் இடம் பஞ்சமில்லை. நாலு வழிச்சாலையில் நடுத் தடுப்பு இருக்கிறது. உள் ரோடுகளில் தார் முடிகிற இடத்தில் மண் ஓரம் பள்ளமாக இறங்கியிருக்கும், ஒரு பக்க டயர் இறங்கிவிட்டது என்று டிரைவர் பதறி எதிர்ப்பக்கம் வெடுக்கென்று ஒடிப்பார், வண்டி வழுக்கும், மறு ஓரத்தில் போய் மாட்டும். திசையன்விளை, உவரிப் பக்கத்துச் செம்மணலில் டயர் இறங்கினால் மண்ணை உழுதுகொண்டு போய் அதிலேயே புதைந்து தடுக்கும். குளத்தங்கரை மேல் போகிற ரோடு என்றால் தடுக்கவே வேண்டாம், ஓரம் தாண்டினால் சரிவுதான், கீழே தண்ணீரோ வயலோ. சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருகிறவர்கள் விடிகாலை கயத்தாறு தாண்டும்போது, இன்னும் அரை மணி நேரத்தில் வீடு என்ற நினைப்பிலேயே கண் அசந்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் ஒரு மாடோ நாயோ குறுக்கே வந்தால் மேலே சொன்ன பதற்றமும் ஒடிப்பும் அப்படியே நடக்கும்.

வழுக்கலை ஆரம்பத்திலேயே பிடிக்கிற ஒரு கருவி உண்டு. எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்பார்கள். வண்டி டிரைவர் திருப்பிய பக்கம் போகாமல் வழுக்கினால், தேவைப்பட்ட சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு நேராக்கும். புது வண்டி வாங்கப் போகிறவர்கள் சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கிற அதே மூச்சில் இதையும் கேளுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உயரமும் லோடும் கூடினால் வண்டி கவிழ்வது சுலபமாகிறது, பெரும்பாலும் அது ஓரத்தில் தடுக்கித்தான் கவிழ்கிறது.

உள்ளே நடப்பது

நேர் மோதலில் எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கவிழ்வது அப்படி இல்லை, சில நொடிகள் நீளும். ஒரு விதத்தில் அது நல்லதுதான், ஏனென்றால் வண்டியின் வேகம் ஒரே அடியில் தீராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சீட்டோடு கட்டப்பட்டு, கூரையும் உள்ளே நசுங்காமல் நின்றால், உருண்ட வண்டியிலிருந்து ஆள் சின்னக் காயத்தோடு இறங்கி வருவது அதிசயம் ஒன்றுமில்லை.

கட்டப்படாதவருக்கு அதே சில நொடிகள்தான் வினை. உருளும் வண்டிக்குள் எல்லாமே நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். முதலில் கதவு, அப்புறம் கூரை, அப்புறம் மறுபக்கக் கண்ணாடி. ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறும். முன்னால் இருக்கிற ஏர்பேக் இதற்காகச் செய்ததில்லை. விரிந்தாலும் உடனே காற்று இறங்கிவிடும், பல நேரம் விரியவே விரியாது. பக்கவாட்டில் திரை மாதிரி இறங்குகிற ஏர்பேக்குகளில், கவிழ்வதை உணர்ந்து விரிகிறவை சில நொடிகள் உப்பியபடியே நிற்கும், அவை உதவும். ஆனால் உருளல் முடிகிற வரைக்கும் விடாமல் வேலை செய்வது பெல்ட் ஒன்றுதான். திடீரென்று இழுத்தால் பூட்டிக்கொள்வது போலவே, வண்டி சரிந்தாலும் பூட்டிக்கொள்ளும்படி அதன் சுருள் செய்யப்பட்டிருக்கிறது.

இப்போது மடியில் இருக்கிற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உடம்பு தன் எடையைப் போல சுமார் 14 மடங்கு கனக்கும். பத்துக் கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 140 கிலோ. எந்த அம்மாவின் கையாலும் அதைப் பிடிக்க முடியாது, பாசம் குறைவு என்று அர்த்தமில்லை, கணக்கு அப்படி. கவிழ்வதில் ஒவ்வொரு அடியும் இதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது, பிடித்திருக்கிற கையும் எதிலாவது மோதி விடுபட்டுவிடும். அம்மாவும் பெல்ட் போடவில்லை என்றால் ஐம்பது அறுபது கிலோ உடம்பு பிள்ளை மேலேயே வந்து விழும். ஒரே பெல்ட்டை அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம், பெல்ட்டுக்கும் பெரியவர் உடம்புக்கும் நடுவில் பிள்ளை நசுங்கும்.

கட்டாத சாமான்களும் இந்தக் கணக்கில்தான் வரும். டிக்கியில் சும்மா வைத்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ கல்.

தெறித்து விழுந்தவர் பிழைத்தாரே?

பிழைத்தவர் இருக்கிறார், மறுக்கவில்லை. அவர் இருப்பதால்தான் கதையும் இருக்கிறது. தெறித்து விழுந்து இறந்தவரைப் பற்றி “தெறித்ததால் இறந்தான்” என்று யாரும் சொல்வதில்லை, “ஆக்ஸிடெண்டில் போய்விட்டான்” என்றுதான் சொல்வோம். அதனால் ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும் நம் காதில் சேர்ந்துகொண்டே போகிறது.

முழுக்கணக்கு எடுத்து வைத்திருப்பது அமெரிக்கர்கள். அங்கே 2010இல் நடந்த விபத்துகளில் வண்டி கவிழ்ந்தவை நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான், ஆனால் கார் மாதிரியான பயணிகள் வண்டிகளில் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வகையில் இறந்தவர்கள். உயிர்ப்பலி நடந்த விபத்துகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால், பெல்ட் போட்டவர்களில் முழுசாக வெளியே வீசப்பட்டவர் நூற்றுக்கு ஒருவர், போடாதவர்களில் கிட்டத்தட்ட முப்பது பேர். அப்படி முழுசாக வீசப்பட்டவர்களில் ஐந்தில் நாலு பேர் பிழைக்கவில்லை. வெளியே போன உடம்பு தார் ரோட்டிலோ மைல்கல்லிலோ விழும், சில நேரம் அதே வண்டி அதன் மேலேயே உருளும். பிள்ளை உடம்பு சின்னது, உடைந்த ஜன்னல் வழியாகப் போக அதற்குப் பாதி இடம் போதும்.

“பெல்ட் போட்டால் தீயிலோ தண்ணீரிலோ மாட்டிக்கொள்வோமே?” என்று கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் தீப்பிடிப்பதும் தண்ணீரில் விழுவதும் மொத்தத்தில் மிகக் குறைவு, அப்படியே ஆனாலும் நினைவோடு இருக்கிறவர்தான் பட்டனை அழுத்தி வெளியே வர முடியும், பிள்ளையையும் எடுக்க முடியும். தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவருக்குப் பெல்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

சுருக்கமாக: உள்ளே, சீட்டோடு சேர்ந்து இருப்பவருக்குத்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

பெல்ட் கயிறு, சைல்டு சீட் சருகு

சரி, அப்போ பிள்ளைக்கும் பெல்ட் போட்டால் போதுமா என்றால், போதாது. கார் பெல்ட் பெரியவர் உடம்புக்கு அளந்தது. இடுப்பெலும்பின் முன்மேடு, மார்க்கூடு, தோள் ஆகிய மூன்று கெட்டியான இடத்தில் அது உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அந்த இடுப்பெலும்பு மேடு இன்னும் சரியாக வளர்ந்திருக்காது, அதனால் கீழ்ப் பட்டை வழுக்கி வயிற்றுக்கு ஏறும், அடிபட்டால் குடலையும் ஈரலையும் அழுத்தும். மேல் பட்டை கழுத்தில் உரசும், உடனே பிள்ளை அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும், நாமும் “சரி, அழாம இரி” என்று விட்டுவிடுவோம். தலையோ பெரிசு, பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான், அதைத் தாங்குகிற கழுத்து மெலிசு.

சருகு வேலையைச் செய்வது சைல்டு சீட், அதாவது கார் சீட்டின் மேல் மாட்டுகிற, பிள்ளைக்கென்றே செய்த தனி சீட். உள்ளே ஐந்து முனைப் பட்டை இருக்கும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கால் இடுக்கு. அடியை ஒரே இடத்தில் வாங்காமல் உடம்பு முழுக்கப் பிரித்துக் கொடுக்கும், எந்தப் பக்கம் உருண்டாலும் பிள்ளை நழுவாது. இரண்டு பக்கமும் எழும்பி நிற்கிற சுவர் தலையைக் கதவிலும் கண்ணாடியிலும் படாமல் தடுக்கும். பொதுவாக எல்லா வகை விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால், கார்களில் இது ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளின் மரணத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளைகளின் மரணத்தை 54 சதவீதமும் குறைப்பதாக அமெரிக்க நிர்வாகத்தின் கணக்கு.

வயதுக்கு ஏற்ப வகை மாறும். கைப்பிள்ளைக்குப் பின்னோக்கிப் பார்க்கிற சீட், குறைந்தது 15 மாதம் வரை, சீட்டின் அளவு இடம் கொடுத்தால் அதற்கு மேலும். இதை ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் ஒருநாளும் வைக்கக் கூடாது. அதன் பிறகு முன்னோக்கிய ஐந்து முனைச் சீட். அதுவும் சின்னதாகிப் போனால் பூஸ்டர், அதாவது பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி கார் பெல்ட்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கிற சீட். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வருகிற வரை பூஸ்டர் தேவைப்படும். “எட்டு வயசாயிட்டு, பெரிய பிள்ளை” என்று வயதைப் பார்க்காதீர்கள், பெல்ட் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்.

மாட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐசோஃபிக்ஸ் என்பது காரின் பின்சீட் இடுக்கில் கம்பெனியே வைத்திருக்கிற இரும்பு வளையம், சைல்டு சீட்டின் கொக்கி அதில் டக்கென்று பூட்டும். முன்னோக்கிய சீட்டில் மேலே ஒரு பட்டை வந்தால் அதை சும்மா தொங்கவிடாமல் சீட்டுக்குப் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டி இறுக்குங்கள், சீட் முன்னால் சாயாமல் பிடிப்பது அதுதான். மாட்டிய பிறகு பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. பிள்ளையின் தோள் பட்டையை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்புப் பிடிபடக் கூடாது. வாங்கும்போது ஏஐஎஸ் 072, அல்லது ஆர்44, ஆர்129 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்ம ஊர் வண்டிகள்

இதெல்லாம் கார் வைத்திருப்பவர்களுக்கு. பெல்ட்டே இல்லாத வண்டிகள்தான் நம்மிடம் அதிகம். சில ஜீப் வகை வண்டிகளில் கடைசியில் எதிரும் புதிருமாக இரண்டு பக்கவாட்டு சீட் இருக்கும், பிள்ளைகளுக்கு அங்கே உட்காரத்தான் ஆசை. அங்கே சைல்டு சீட் மாட்ட முடியாது, கவிழ்ந்தால் பின்கதவு திறந்து வெளியே போகிறவர்களும் அவர்கள்தான். சின்னவர்களை நடு வரிசைக்குக் கொண்டுவாருங்கள், பெரியவர்கள் பின்னால் போகட்டும். சன்ரூஃப்பில் பிள்ளையை நிற்க வைத்து வீடியோ எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, மேலே படித்ததை வைத்து நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஷேர் ஆட்டோவில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஓர சீட்டையும் டிரைவர் பக்கத்து இடுக்கையும் விட்டு, இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் பிள்ளையை உட்கார வைக்கலாம், ஆள் நிரம்பி வழிந்தால் அடுத்த ஆட்டோவுக்கு நிற்கலாம். இது பாதுகாப்பு ஆகாது, ஆபத்தைக் கொஞ்சம் குறைப்பது. குட்டியானையில் கோயில் கொடைக்கும் வளைகாப்புக்கும் ஆள் ஏற்றிப் போகிற பழக்கம் மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. நின்றுகொண்டு போகிற ஆட்களால் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும், பிடிக்க ஒரு கம்பி, விழ நாலு பக்கமும் வெளி. அந்தக் காசுக்கு இரண்டு நடை அடிக்கிற வேன் பேசிவிடலாம்.

சட்டமும் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

கவிழ்ந்து நின்ற பிறகு

வண்டி தலைகீழாக நின்றால் எல்லோரும் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். பட்டனை உடனே அழுத்தினால் தலை நேராகக் கூரையில் போய் மோதும். ஒரு கையைக் கூரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, மறு கையால் விடுவியுங்கள். பிள்ளையை விடுவிக்கும்போது ஒருவர் தலையையும் கழுத்தையும் முதுகையும் சேர்த்துத் தாங்க, இன்னொருவர் பட்டையைக் கழற்ற வேண்டும். தீயோ தண்ணீரோ இல்லை, பிள்ளை மூச்சு விடுகிறது என்றால் அவசரப்பட்டுத் தூக்கி ஓட வேண்டாம், 108 வருகிற வரை தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே நல்லது.

காசை நினைத்து யாரும் தயங்கத் தேவையில்லை. தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்ந்திருக்கிற மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழிப்போக்கரையும் வழக்கில் இழுத்து அலைக்கழிக்கக் கூடாது என்று அதே 2019 திருத்தத்தில் எழுதியிருக்கிறது.

பெரிய அடி வாங்கிய சைல்டு சீட்டைத் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள், சொந்தக்காரர் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் விழுந்த விரிசல் துணி உறைக்குள் தெரியாது. இதே காரணத்துக்காகத்தான், யாரிடம் இருந்தது, எந்த வண்டியில் இருந்தது என்று தெரியாத பழைய சீட்டையும் விலை மலிவு என்று வாங்க வேண்டாம் என்கிறேன்.